எழுபது வளைவுக்கு எந்தக் கியர்?

காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். மேலே உள்ள ஊர்கள் ஏறத்தாழ 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. வளைவின் உட்புறம் செங்குத்தாக எழும். அதைத் தாண்டியதும் சாலை சற்றே தணியும். அதனால் சைக்கிளில் ஏறுபவர் அடிக்கடி கியர் மாற்ற வேண்டியிருக்கும். கியரை மாற்ற இரண்டு முறைகள் உண்டு.

முதலாவது உராய்வு முறை. லிவரை நகர்த்தினால் கேபிள் இழுபடும். பின்சக்கரத்தருகே உள்ள டீரெய்லர் நகர்ந்து, செயினை அடுத்த பல்சக்கரத்துக்குத் தள்ளும். லிவரை எங்கே நிறுத்தினாலும் உராய்வினால் அங்கேயே நிற்கும். சரியான இடத்தைக் காதும் கையும்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இரண்டாவது கிளிக் முறை. ஒவ்வொரு கியருக்கும் லிவருக்குள் ஒரு நிறுத்தம் உண்டு. மெட்டுகள் உள்ள வீணைக்கும் மெட்டில்லாத வயலினுக்கும் உள்ள வேறுபாடு இது. ஜப்பானின் ஷிமானோ நிறுவனம் 1984இல் தன் டூரா-ஏஸ் பாகங்களில் இதை நம்பகமாகச் செய்துகாட்டியது. அதன் பிறகு உலகமே இந்த முறைக்கு மாறியது.

கிளிக் முறையின் பலமும் பலவீனமும் அளவில்தான் இருக்கின்றன. ஷிமானோவின் வழக்கமான 8 கியர் அமைப்பில் ஒரு கிளிக்குக்குக் கேபிள் சுமார் 2.8 மி.மீ. இழுபடும், டீரெய்லர் அதை ஏறத்தாழ 1.7 மடங்காக்கி, 4.8 மி.மீ. தள்ளியிருக்கும் அடுத்த பல்சக்கரத்துக்குச் செயினைக் கொண்டுபோகும். கேபிள் அரை மி.மீ. தளர்ந்தாலே செயின் கரகரக்கும், பெரிய பல்சக்கரத்துக்கு ஏறத் தயங்கும். 11 கியர் அமைப்பில் இடைவெளி 4 மி.மீ.க்கும் குறைவு; அங்கே பிழைக்கு இடம் இன்னும் குறுகல். லிவர், டீரெய்லர், பல்சக்கரத் தொகுதி மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தியாக வேண்டும்.

உராய்வு முறைக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. கேபிள் தளர்ந்தால் லிவரைக் கொஞ்சம் கூடுதலாக இழுத்தால் போதும். வேறு நிறுவனத்தின் சக்கரத்தை மாட்டினாலும் பெரும்பாலும் ஓடும். ஆனால், மூச்சு வாங்கும் ஏற்றத்தில் செயின் எங்கே நிற்கிறது என்று தேடுவதற்குப் பழக்கம் வேண்டும். கியர் நெருக்கமாக இருந்தால் தேடல் இன்னும் கடினம்.

எந்த முறையானாலும் மூன்று பழக்கங்கள் அவசியம். வளைவுக்கு முன்பே கியரை இறக்கிவிடுங்கள். மாற்றும் கணத்தில் பெடலை மிதித்துக்கொண்டே அழுத்தத்தை மட்டும் தளர்த்துங்கள். டீரெய்லரின் எல்லைத் திருகைக் கிளம்பும் முன் சோதியுங்கள். அது தவறாக இருந்தால், மிகப்பெரிய பல்சக்கரத்தையும் தாண்டிச் செயின் சக்கரக் கம்பிகளுக்குள் விழும்.

என் தீர்ப்பு இது: பின்னால் 8 கியர், கிளிக் முறை, முன்னால் இரண்டு பல்சக்கரங்களுக்கு உராய்வு லிவர். முன்பக்கம் செயின் உரசினால், மயிரிழை நகர்த்திச் சரிசெய்ய உராய்வு லிவரால் எளிதில் முடியும். பின் லிவர் இரு முறையிலும் இயங்கும் வகையாக இருந்தால் இன்னும் நல்லது. வழியில் கிளிக் பிசகினால் உராய்வுக்கு மாற்றி ஊர் போய்ச் சேரலாம். கிளிக் லிவர் மட்டும் வைத்திருப்பவர்கள், கேபிள் நுழையும் இடத்தில் உள்ள திருகை இடஞ்சுழியாகக் கால் சுற்றுத் திருப்பிக் கேபிளை இறுக்கக் கற்றுக்கொள்ளுங்கள். மலையேறும் முன் வீட்டிலேயே அதைச் செய்து பாருங்கள்.