ஒட்டு ஏன் பெயர்கிறது?

திருகோணமலையில் சீமெந்துக்குப் பஞ்சமில்லை. 1982இல் தொடங்கிய டோக்கியோ சீமெந்து நிறுவனத்தின் ஆலை சீனக்குடாப் பக்கம், துறைமுகக் கரையிலேயே நிற்கிறது. கப்பலில் வந்திறங்கும் கிளிங்கர் அங்கேதான் மாவாக அரைபடுகிறது. மகாவலி கொட்டியாரக் குடாவில் கலப்பதால் கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து ஆற்றுமணலும் தொலைவில் இல்லை. அப்படியிருந்தும், உடைந்த வீட்டுத் தளத்தில் போட்ட ஒட்டு அடுத்த மாரிக்கு முன்னரே பெயர்ந்து கிடப்பதைப் பார்க்கலாம். பெரும்பாலும் சாமானில் குறையில்லை. பழைய கொங்கிரீட்டும் புதியதும் சந்திக்கும் இடத்தில்தான் குறை.

வீட்டின் தரைத்தளம் வழக்கமாக மூன்று, நான்கு அங்குலத் தடிப்புத்தான். பெரும்பாலும் உள்ளே கம்பியும் இராது. பாரத்தைத் தாங்குவது அடியில் உள்ள மண். எனவே முதலில் சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல இடம் 'டங்' என்று இறுகிய ஒலி தரும். அடி வெறுமையான இடம் 'டொப்' என்னும். அகழான் தோண்டிய வளை, கசியும் குழாய், சரியாக இடிக்காமல் விட்ட நிரப்பு மண் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். வெடிப்பின் ஒரு பக்கம் மற்றதைவிடத் தாழ்ந்திருந்தால் மண் இறங்கிவிட்டது என்று பொருள். அதன்மேல் சாந்து பூசுவது காசைக் கரைக்கும் வேலை.

இனி வெட்டு. உடைந்த இடத்தைச் சுற்றி, நல்ல கொங்கிரீட் வரை தள்ளிப்போய், சதுரமாகக் கோடு போட்டு கிரைண்டரால் அறுக்க வேண்டும். நடுவை உளியாலும் அலவாங்காலும் அடிவரை உடைத்தெடுப்பதே நல்லது. பள்ளத்தை உடைந்தபடியே நிரப்பினால் ஒட்டின் ஓரம் கடதாசிபோல் மெலிந்துபோகும். அந்த மெல்லிய விளிம்பில் சல்லிக்கல்லுக்கு இடமில்லை. கதிரைக்கால் இரண்டு முறை உரசினால் உதிர்ந்துவிடும். நேர்செங்குத்தான ஓரமென்றால் அங்கும் முழுத் தடிப்பு இருக்கும். ஆனால் கிரைண்டர் அறுத்த முகம் வழுவழுப்பானது. அதை உளியால் கொத்திச் சொரசொரப்பாக்காவிட்டால் புதியது பிடிக்காது. பிறகு அடிமண்ணை நனைத்து, இறுக இடித்து, ஈரம் ஏறாமலிருக்கப் பொலித்தீன் விரிப்பார்கள்.

பழைய கொங்கிரீட் தாகமுள்ள சாமான். உலர்ந்திருந்தால் புதிய கலவையின் நீரை உறிஞ்சிவிடும். ஒட்டவேண்டிய இடத்திலேயே சீமெந்து பட்டினி கிடக்கும். அதனால் முந்தின நாளே ஓரங்களை நன்றாக நனைத்துவிட்டு, போடும் நேரத்தில் தேங்கிய நீரை ஒற்றியெடுக்க வேண்டும். உடனே சீமெந்துப் பாலைத் தூரிகையால் தடவி, அது காயுமுன் கலவையைக் கொட்ட வேண்டும். காய்ந்துவிட்ட பால் பசையாக இராது, இரண்டையும் பிரிக்கும் தோலாகிவிடும்.

கலவை ஒன்றுக்கு இரண்டு, நான்கு: சீமெந்து, மணல், சல்லி. இரண்டடிச் சதுரம், நான்கு அங்குல ஆழம் என்றால் ஏறக்குறைய 12 கிலோ சீமெந்து போதும், 50 கிலோப் பையில் கால்வாசி. நீர் அதன் எடையில் பாதி, அதாவது 6 லீற்றர். மணலில் உள்ள ஈரமும் இந்தக் கணக்கில் சேரும். இளக்கமாக இருந்தால் இழுத்துவிட வசதி என்று கூட ஊற்றும் நீர், பிறகு ஆவியாகி நுண்துளைகளை விட்டுச்செல்லும். சீமெந்தை அள்ளிப் போட்டால் பலம் கூடும் என்ற நம்பிக்கையும் இங்கே காலை வாரும். சீமெந்து கூடக் கூடக் கலவை அதிகம் சுருங்கும், சுருங்கினால் ஓரத்தில் மயிரிழை வெடிப்பு விழும். கடற்கரை மணல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதே என்று ஆசைப்படவும் கூடாது. அதிலுள்ள உப்பு தளத்தில் வெள்ளையாகப் பூக்கும். கம்பி இருந்தால் அதை அரித்துவிடும். துரு தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்பதால், கொங்கிரீட் உள்ளிருந்தே பிளக்கும்.

சீமெந்து காய்வதால் இறுகுவதில்லை; நீரோடு சேர்ந்து நடக்கும் வேதிவினையால் இறுகுகிறது. ஈரம் முன்னதாகவே போய்விட்டால் வினை பாதியில் நின்றுவிடும். கச்சான் வீசும் மாதங்களில் திறந்த முற்றத்தில் போட்ட ஒட்டின் மேற்பரப்பு ஒரு மணி நேரத்திலேயே வெடிக்கக்கூடும். மட்டம் தட்டியதும் பொலித்தீனால் மூடி, இறுகிய பின் ஈரச்சாக்குப் போட்டு ஏழு நாளாவது நனைத்துவர வேண்டும். இரண்டாம் நாளே மேலே மெல்ல நடக்கலாம். அலுமாரியை நகர்த்திவைக்க ஒரு வாரம் பொறுக்க வேண்டும். மேலே டைல் பதிக்கும் எண்ணமிருந்தால், உள்ளீரம் வெளியேற நான்கு வாரமாவது விடுவது நல்லது.