இலட்சத்தீவின் ஏற்றுமதியும் இறக்குமதியும்

நெல் மூட்டைகள் குவியும் செஞ்சியில் வளரும் நமக்கு, அரிசிக்காகக் கடலையே பார்த்திருக்கும் ஊர் விந்தையாகத் தோன்றும். அரபிக் கடலிலுள்ள இலட்சத்தீவு அத்தகையது. மொத்தப் பரப்பு 32 சதுர கிலோமீட்டர்தான். அதிலும் தென்னையே மிகுதி. அரிசி அன்றும் இன்றும் கப்பலில்தான் வருகிறது. பதிலுக்குச் சென்றவை கொப்பரை, கயிறு, மினிக்காய்த் தீவின் மாசி. (சூரை மீனை வேகவைத்துப் புகையூட்டி உலர்த்தியதே மாசி.)

கயிறு திரித்தவர்கள் பெண்கள். மட்டையை ஊறவைத்து, அடித்து, நாரெடுத்துத் திரிக்க வேண்டும். ஆனால் அக்கயிற்றை விரும்பியவருக்கு விற்க உரிமையில்லை! கண்ணூர் அரச குடும்பமே வாங்கியது. கூலியாக அரிசி தந்தது. விலையும் அவர்கள் வைத்ததே. மனம் வெறுத்த அமினித் தீவினர் திப்பு சுல்தானை நாடினர். 1787-இல் அமினி முதலிய தீவுகள் அவர் ஆட்சிக்கு மாறின. 1799-இல் அவற்றைப் பெற்ற ஆங்கிலக் கம்பெனியாரோ, கயிற்று வாணிபத்தை மீண்டும் தம் கையிலேயே வைத்துக்கொண்டனர்.