பழைய கட்டமரான் விலைக்கு வருகிறது: வாங்கலாமா?

ஆங்கிலத்தில் 'கட்டமரான்' என்று வழங்கும் சொல் நம் கட்டுமரத்திலிருந்து போனது. ஆங்கிலேய மாலுமி வில்லியம் டாம்பியர் 1697-ல் வெளியான தமது பயண நூலில் சோழமண்டலக் கரையின் கட்டுமரங்களைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆனால் இன்று அந்தப் பெயரில் விற்பனைக்கு வரும் பந்தயப் படகு வேறு. இரண்டு ஒடுங்கிய மிதவைகள், அவற்றை இணைக்கும் துணி மேடை, உயர்ந்த பாய்மரம்: இதுதான் அதன் அமைப்பு.

மும்பையில் வேலை பார்க்கும் நம்மவர்களில் பாய்ப்படகு பழகிய இளைஞர்கள் உண்டு. நாலு பேர் பங்கு போட்டு, அலுவலகக் கடன் சங்கத்தில் பணம் எடுத்து, இப்படிப்பட்ட பழைய படகொன்றை வாங்கலாமா என்ற ஆசை அவர்களுக்கு வருவது இயல்பே. முன்பணம் கொடுக்குமுன் சில விஷயங்களைக் கவனிப்பது நல்லது.

வேகமும் ஆபத்தும்

இவ்வகையில் பெயர் பெற்றது அமெரிக்காவின் ஹோபி கேட் 16. நீளம் 16 அடி 7 அங்குலம். எடை சுமார் 145 கிலோ. பாயின் பரப்போ 218 சதுர அடி! உலகெங்கும் ஒரு லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டிருப்பதால் இதற்கு உதிரிபாகம் தேடுவது ஓரளவு சுலபம். 1976 முதல் 2008 வரை ஒலிம்பிக்கில் ஓடிய 20 அடி டார்னடோ இதைவிட வேகமானது.

எடை குறைவு, பாய் பெரிது என்பதால்தான் இத்தனை வேகம். அதே காரணத்தால் கவிழ்வதும் எளிது. பலத்த காற்றில் மிதவையின் மூக்கு அலைக்குள் புதைந்தால் படகு தலைகுப்புறப் புரண்டுவிடும்.

எதைப் பார்ப்பது?

முதலில் மிதவைகள். மேல்பரப்பைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். மெத்தென்று அமுங்கினால் உள்ளே ஒட்டு விட்டுப்போயிருக்கிறது என்று பொருள். நாணயத்தால் தட்டிக்கொண்டே போங்கள். 'கணீர்' சத்தம் ஓரிடத்தில் மந்தமானால் அங்கே சந்தேகம். மணலில் இழுத்து இழுத்து அடிப்பாகம் தேய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். மிதவை கெட்டிருந்தால், மற்றவை எவ்வளவு புதிதாக இருந்தாலும் திரும்பி வந்துவிடலாம்.

அடுத்து, பாய்மரத்தைத் தாங்கும் எஃகுக் கம்பிகள். ஓர் இழை அறுந்து நீட்டிக்கொண்டிருந்தாலும் அந்தக் கம்பி உதவாது. கம்பி எவ்வளவு காலத்தது என்று தெரியாவிட்டால், எல்லாவற்றையும் மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். வெயில் தின்ற பாயின் தையல் நூல் விரல் நகத்தால் சுரண்டினாலே அறுந்துவிடும்.

பாய்மரம் 26 அடிக்கு மேல் உயரம். முழுதும் அலுமினியமானால் எச்சரிக்கை வேண்டும். மின்கம்பி செல்லும் இடத்தில் அதை நிமிர்த்தவோ, நிமிர்ந்தபடி இழுத்துச் செல்லவோ கூடாது. தலைக்கு மேல் 25,000 வோல்ட் ஓடும் ரயில் பாதையில் வேலை செய்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கம்பியைத் தொடாமலே ஆளை அடிக்கும். அமெரிக்காவில் இவ்வாறு உயிர்கள் போன பிறகே, மின்சாரம் கடத்தாத நுனி இந்தப் படகுக்கு வந்தது. உங்களுக்கு வரும் படகில் அந்த நுனி இருக்கிறதா என்று பாருங்கள்.

கரையில் ஆகும் செலவு

மும்பைக் கடலில் ஜூன் முதல் செப்டம்பர் வரை பருவமழைக் கொந்தளிப்பு. கடனுக்கு வட்டி 12 மாதமும் ஓடும்; படகு 8 மாதந்தான் ஓடும். நிறுத்தும் இடத்துக்கு வாடகை, மணலில் தள்ளச் சக்கரம், உயிர்காப்புச் சட்டை, வெளிநாட்டு உதிரிபாகத்துக்குச் சுங்கம் எல்லாம் தனிக் கணக்கு. இங்கே கடல் ஏறி இறங்கும் உயரம் சில நாட்களில் 4 மீட்டரைத் தாண்டும். காலையில் தண்ணீரில் இறக்கிய இடம் பிற்பகலில் சேறாகக் கிடக்கும். ஓதம் பார்க்காமல் ஞாயிற்றுக்கிழமைப் பயணம் போட முடியாது.

கடைசிச் சோதனை

விலை பேசி முடிக்குமுன் ஒரு நாள் உரிமையாளரோடு கடலுக்குப் போங்கள். பக்கத்தில் மீட்புப் படகு நிற்க, ஆழமான இடத்தில் வேண்டுமென்றே கவிழ்க்கச் சொல்லுங்கள். அதை நீங்களே நிமிர்த்த முடிகிறதா? ஒருவர் எடை பெரும்பாலும் போதாது, இருவர் வேண்டும். நால்வரில் எந்த இருவர் சேர்ந்தாலும் நிமிர்த்த முடிந்தால்தான் அது உங்கள் படகு. முடியாவிட்டால், பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம்.

அதற்கும் முன்னால், ஒரு பருவம் முழுதும் வாடகைப் படகில் ஓட்டிப் பாருங்கள். அக்டோபரில் நால்வராக வந்தவர்கள் மே மாதத்திலும் நால்வராக வருகிறார்களா என்று பார்த்துவிட்டுக் கடன் மனுவில் கையெழுத்துப் போடலாம்.