புது உளிக்கு ஒரு வெள்ளோட்டம்

அரிசி வாங்கப் போனால் கையில் அள்ளிப் பார்க்கிறோம். இரண்டு மணியைப் பல்லில் கடித்துப் பார்க்கிறோம். மிளகாய் வற்றலை ஒடித்துப் பார்க்கிறோம். புளியை நாக்கில் வைத்துப் பார்க்காமல் எந்த மளிகை வணிகரும் மூட்டை இறக்குவதில்லை. ஆனால் இரும்புக்கடை வைத்திருக்கும் என்னைப் போன்றவர்கள் உளியையும் ரம்பத்தையும் எப்படி வாங்குகிறோம்? பெட்டியின் பளபளப்பையும், பிரதிநிதியின் பேச்சையும், கிடைக்கும் கழிவையும் பார்த்துத்தான். இந்தப் பழக்கத்தால் நான் பட்டதையும், அதன்பின் ஒரு புது உளியைச் சோதித்துப் பார்த்த விதத்தையும் சக வணிகர்களுக்குச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

ஒரு நாள் கூலி

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பிரதிநிதி கொண்டுவந்த உளிகளை டஜன் கணக்கில் வாங்கி அடுக்கினேன். எங்கள் கடைக்கு நெடுநாள் வாடிக்கையான ஒரு ஆசாரியார் கேட்டபோது, "தைரியமாக் கொண்டு போங்க, நான் பொறுப்பு" என்று சொல்லிவிட்டேன். மறுநாள் மாலையே உளியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். தேக்கில் இறக்கியதும் வாய் மடங்கியிருந்தது.

"உளி போனாப் போகுது அண்ணாச்சி. ஒரு நாள் கூலி போச்சு, கதவு முகத்துல ஒரு வெட்டும் விழுந்துட்டு. அந்த வீட்டுக்காரருக்கு நான் என்ன பதில் சொல்ல?" என்றார். பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போனவர் ஓராண்டு என் கடைப் படி ஏறவில்லை. அந்த உளியில் எனக்கு வந்த இலாபம் சில ரூபாய். நஷ்டமானது என் வாய்ச்சொல்.

கல்லாப் பெட்டியில் சோதனை

அண்மையில் புறாவால் இணைப்பு வெட்டுவதற்கென்றே செய்த உளிகள் மாதிரிக்கு வந்தன. விலை நாம் வழக்கமாக விற்கும் உளியைவிட மூன்று மடங்கு. இம்முறை ஆர்டர் கொடுக்காமல், அதே ஆசாரியாரின் வீட்டுக்குப் போனேன். "ஒரு நாள் கூலி நான் தருகிறேன். வெட்டிப் பார்த்து உள்ளதைச் சொல்லுங்கள்" என்றேன். சற்று யோசித்து, "நல்லா இல்லைன்னா இல்லைன்னுதான் சொல்லுவேன்" என்று ஒப்புக்கொண்டார்.

எதிர்க்கடை மளிகை அண்ணாச்சியின் கல்லாப் பெட்டி இழுப்பறை ஆணி தளர்ந்து ஆடிக்கொண்டிருந்தது. அதையே தேக்கில் புதிதாகச் செய்து பார்ப்பது என்று முடிவாயிற்று.

புறாவால் இணைப்பை இங்கே சொல்லிவிடுகிறேன். பக்கப் பலகையின் முனையை, விரிந்த புறா வால் போல நுனி அகலமாகவும் அடி குறுகலாகவும் வெட்டுவார்கள். முகப்புப் பலகையில் அதற்கு ஒத்த பள்ளம். இரண்டையும் பொருத்திவிட்டால், முகப்பைப் பிடித்து எத்தனை முறை இழுத்தாலும் அகன்ற நுனி குறுகிய வாயில் வெளிவராது. பழைய எகிப்தியக் கல்லறைகளில் கிடைத்த மரச் சாமான்களிலேயே இந்த வேலை இருக்கிறது. வாலின் சாய்வு கடின மரத்துக்கு 8க்கு 1, மென்மரத்துக்கு 6க்கு 1 என்பது பொதுவான கணக்கு.

இந்தச் சாய்வான மூலைதான் உளிக்குச் சோதனை. சாதாரண உளியின் பக்க ஓரம் தடிப்பாக இருக்கும். மூலைக்குள் நுழையும்போது அந்தத் தடிப்பு வாலின் சுவரில் இடித்து நசுக்கிவிடும். புறாவால் உளியின் பக்க ஓரத்தைக் கிட்டத்தட்ட கத்தி போல மெலிதாக்கியிருப்பார்கள்.

முதலில் உளியின் முதுகு

நான் நேரே வெட்டத் தொடங்குவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ மூலைமட்டத்தின் விளிம்பை உளியின் முதுகில் வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முதுகு சமமாக இல்லாவிட்டால் உளி கோட்டில் நிற்காது, ஒரு பக்கம் வழுக்கும். முதுகு நடுவில் சற்றுப் பள்ளமாக இருந்தால் பாதகமில்லை; புடைப்பு இருந்தால்தான் தொல்லை. வந்த மூன்றில் 2 நூல் உளியும் 6 நூல் உளியும் எண்ணெய்க்கல்லில் சீக்கிரம் படிந்துவிட்டன. 4 நூல் உளியில் புடைப்பு. அதைத் தேய்த்துச் சமமாக்க ஒன்றரை மணி நேரம் பிடித்தது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது அரிசிக்குச் சரி. ஒரே பெட்டியில் வந்த உளிகளுக்கு அது சரிப்படவில்லை.

அடுத்து, சாமான் வந்த பைன் பலகைத் துண்டு ஒன்றைக் கேட்டார். "மெத்து மரந்தான் கூர்மையைக் காட்டிக்குடுக்கும்" என்று அதன் அறுத்த முனையைச் செதுக்கினார். கூர் போதாத உளியானால் மென்மரத்தின் முனை நொறுங்கும். இந்த உளி மெழுகைச் சீவியதுபோல் வழுவழுப்பாகச் சீவியது.

தேக்கில் நடந்தது

பிறகு தேக்கு. தேக்கு மரத்தில் மணல்சத்தான சிலிக்கா இருப்பதால் எந்த உளியின் வாயையும் சீக்கிரம் மழுக்கும். பொடிப்பல் ரம்பத்தால் வால்களை அறுத்துவிட்டு, இடைக்கழிவைக் கொட்டாப்புளியால் தட்டி எடுத்தார். கோட்டில் நேரே இறக்காமல் சற்றுத் தள்ளி, பலகையின் இரு முகத்திலிருந்தும் பாதிப் பாதியாக வெட்டி, கடைசிச் சீவலை மட்டும் கோட்டில் இறக்கினார்.

மூலைக்குள் உளி சுவரைத் தொடாமல் போய் வந்தது. ஆனால் இரண்டாவது மூலை முடியும் முன் வாயில் பொடிப் பொடியாகச் சில்லு பெயர்ந்தது. எனக்குப் பழைய நினைவு வந்து முகம் வாடிவிட்டது. ஆசாரியார் பதறவில்லை. வாயின் சரிவு 25 பாகை இருந்தது. நுனியை மட்டும் 30 பாகைக்குத் தீட்டினார். அதன்பின் மற்ற இரண்டு மூலைகளும் முடியும்வரை வாய் அப்படியே நின்றது. எஃகில் குறையில்லை, தேக்குக்கு அந்தச் சரிவு போதவில்லை என்பது தெரிந்தது.

இன்னொரு குறை அவருடைய விரலில் தெரிந்தது. மெலிந்த பக்க ஓரம் ஆள்காட்டி விரலைக் கீறிவிட்டது. கை பிடிக்கும் இடத்தில் மட்டும் உப்புத்தாளால் ஓரத்தை மழுக்கிக்கொண்டார்.

வாடிக்கையாளரிடம் சொல்ல வேண்டியவை

ஆசாரியார் சொன்னதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கடையில் ஒட்டியிருக்கிறேன். கருவி விற்கும் நண்பர்களுக்கு உதவும்.

1. புது உளியை வாங்கியபடியே வேலைக்கு எடுக்கக் கூடாது; முதுகைத் தேய்த்து, வாயைத் தீட்டியே எடுக்க வேண்டும்.
2. தேக்கில் தட்டி வெட்டுவதற்கு நுனிச் சரிவு 30 பாகை வைத்துக்கொள்வது நல்லது.
3. சாணைச் சக்கரத்தில் வைத்து நீலம் பாயவிட்டால் தோய்ச்சல் போய்விடும். அந்த வாய் நிற்காது.
4. இது மெல்லிய வேலைக்கு. கதவு நிலைக்குத் துளை அடிக்கவோ நெம்பவோ எடுத்தால் உடையும்.

பெட்டி பெட்டியாக வாங்காமல், 2 நூலிலும் 4 நூலிலும் சிலவற்றை மட்டும், ஒவ்வொன்றின் முதுகையும் பார்த்து வாங்கினேன். கதவு, நிலை வேலைக்காரர் கேட்டால் இதைக் கொடுப்பதில்லை.

மற்றொன்றையும் நாம் நினைவில் வைக்க வேண்டும். 2020 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, உற்பத்தியாளர் தராத உத்தரவாதத்தை விற்பவர் தாமாகக் கொடுத்து, பொருள் அதற்கு ஒவ்வாமல் கேடு விளைந்தால் விற்றவரும் பொறுப்பாவார். "நான் பொறுப்பு" என்பது இனி வெறும் பேச்சல்ல. நாம் உபயோகிக்காத பொருளை உபயோகிப்பவரிடம் கொடுத்துப் பார்த்துவிட்டுச் சொல்வதே நமக்குக் காப்பு. அதற்கு ஆகும் ஒரு நாள் கூலி பெரிய செலவல்ல.

எதிர்க்கடை அண்ணாச்சி இப்போது புதுக் கல்லாவை இழுத்துப் போட்டு வியாபாரம் செய்கிறார். ஆசாரியார் அந்த 4 நூல் உளியைத் தமக்கே வைத்துக்கொண்டார். மாதிரிதானே, இருக்கட்டும் என்றேன். கேட்கவில்லை, விலையைக் கொடுத்துத்தான் எடுத்துப் போனார்.