தமிழுக்கு இலக்கணம் வகுத்த பௌத்தர்

வகுப்பிலே மணிமேகலை படிப்பித்துக்கொண்டிருந்தேன். மாணாக்கன் ஒருவன் எழுந்து, "ஐயா, பௌத்தம் சிங்களவர் சமயமன்றோ? தமிழர் ஏன் அதனைப் பாடினர்?" என்று வினவினான். வகுப்பு நகைத்தது. எனக்கு நகைப்பு வரவில்லை. அவன்மீது குற்றமில்லை, பெரியோராகிய நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்தது அவ்வளவே.

அன்று நான் அவனுக்குக் காட்டிய நூல் வீரசோழியம். அதனை இயற்றிய புத்தமித்திரர் பதினோராம் நூற்றாண்டில் வாழ்ந்த தமிழ்ப் பௌத்தர். பொன்பற்றி என்னும் ஊரினர். எழுத்து, சொல், பொருள், யாப்பு, அலங்காரம் என்னும் ஐந்தினையும் ஒரு நூலுள்ளே அடக்கியவர். தமிழிலக்கணத்தை வடமொழி நெறியோடு இயைத்துரைக்க அவர் முயன்றது எல்லார்க்கும் உடன்பாடன்று. எனக்கும் சிலவிடங்களில் இல்லை. அது நிற்க.

நூலின் பெயரை நோக்குங்கள். சிவநெறி போற்றிய சோழர் குலத்து மன்னன் வீரராசேந்திரன் பெயரால் அன்றோ ஒரு பௌத்தர் தம் நூலை வழங்கினார்! அகத்தியர்க்குத் தமிழை அறிவுறுத்தியவர் சிவபெருமான் என்பது நாம் கேட்டு வளர்ந்த வரலாறு. புத்தமித்திரரோ, அவலோகிதரிடம் கேட்டே அகத்தியர் தமிழுரைத்தார் என்கிறார். தமிழைத் தம் சமயத்தின் செல்வமாகக் கொண்டாடும் உரிமை தமக்கும் உண்டென்று அவர் கருதினார் போலும். நூலுக்கு உரைகண்ட பெருந்தேவனார் புத்தரைப் போற்றும் பழம்பாடல்கள் பலவற்றை மேற்கோள் காட்டினார். அவ்வுரை இல்லையேல் அவற்றுள் பல இன்று நமக்குக் கிட்டியிரா.

ஏட்டிற் கிடந்த இந்நூலை 1881ஆம் ஆண்டில் அச்சேற்றியவர் வேறு யாருமல்லர். யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை. அவர் சைவர். மணிமேகலையை 1898ஆம் ஆண்டில் பதிப்பித்த சாமிநாதையரும் பௌத்தரல்லர். அதே ஆண்டிலே அயோத்திதாசப் பண்டிதர் சென்னையிலிருந்து கொழும்புக்கு வந்து பஞ்சசீலம் ஏற்றார். சாதியிழிவு நீங்கும் வழியை அவர் பௌத்தத்திலே கண்டார். பின் 1907ஆம் ஆண்டில் அவர் தொடங்கிய வாரப் பத்திரிகைக்கு இட்ட பெயர் 'ஒரு பைசாத் தமிழன்'. பௌத்தரானபின்பும் அவர் தம்மைத் தமிழரென்றே சொல்லிக்கொண்டார் என்றதும், கேள்வி கேட்ட மாணாக்கன் தலை நிமிர்ந்தான்.

கல்லூரி நூல்நிலையத்து வீரசோழியப் பிரதியை அவன் கொண்டுசென்று மூன்று வாரமாகிறது. தவணை கடந்துவிட்டதென நூலகர் என்னிடம் முறையிட்டார். இன்னும் ஒரு வாரம் பொறுக்குமாறு கேட்டிருக்கிறேன்.