எரிபொருள்மானியும் அளவை நெறியும்

காட்சி, கருதல், உரை என்னும் அளவைகளைக் கூறும் சைவ சித்தாந்தம், ஐயத்தையும் திரிபையும் நீக்கிய பின்னரே ஒன்றை உண்மையெனக் கொள்ளுமாறு பணிக்கின்றது. கட்டையைக் கண்டு கட்டையோ மனிதனோ எனத் தடுமாறுதல் ஐயம்; கயிற்றைப் பாம்பெனத் துணிதல் திரிபு. இந்நெறி மெய்ப்பொருளாராய்ச்சிக்கு மட்டும் உரியதன்று. மோட்டார் வண்டியின் முகப்புப் பலகையிற் பிழைபட்ட மானியை ஆராய்வார்க்கும் அதுவே துணையாகும்.

1948 முதல் 1971 வரை இங்கிலாந்திற் செய்யப்பெற்ற மொறிஸ் மைனர் போன்ற பழைய வண்டிகள் இலங்கையில் இன்றும் ஓடுகின்றன. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்ட மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எழுவான்கரையில் உவர்க்காற்று ஓயாது வீசும். அதனால் இரும்பு துருவேறும், செம்பு களிம்பேறும். ஆங்கு மானி பிழைபடின், குற்றம் மானியில் இல்லாது மின்தொடுப்பில் இருத்தல் கூடும். பொய்யான நிறைவை நம்பியோர் படுவான்கரை வயல்வெளியில் நடுவழியில் நிற்பர். பொய்யான வெறுமையைக் கண்டோர் பழுதற்ற மானியைக் கழற்றி எறிவர்.

மானியின் முள் பெற்றோலைக் காண்பதன்று. தாங்கியிலுள்ள மிதப்பு ஏறி இறங்க, அதனோடு இணைந்த மின்தடை மாறும், அதற்கேற்ப மின்னோட்டம் மாறும், முள் அசையும். தாங்கியிலிருந்து மின்னோட்டம் வண்டியின் உடலுலோகம் வழியே மீள்வதைப் புவித்தொடுப்பு என்பர். ஆகவே முள் காட்டுவது, புகையால் நெருப்பை உணர்வது போன்ற கருதலே. வாவியின்மேல் எழும் காலைப்பனியைப் புகையென மயங்கியவன் ஆங்கு நெருப்பைத் தேடுவான்.

பழைய பிரித்தானிய வண்டிகளின் மானிகள் இருவகைய. சாவியைத் திருப்பியதும் முள் துள்ளி எழுவது காந்தவகை; மெல்ல ஊர்ந்து ஏறுவது ஈருலோகத் தகட்டு வகை. தாங்கிக்குச் செல்லும் கம்பி அறுந்தால் முன்னது நிறைவையும் பின்னது வெறுமையையும் காட்டும். அக்கம்பி உடலுலோகத்தைத் தொட்டால் இக்குறிகள் மாறிவிடும். புவித்தொடுப்பிலே துரு மிகுந்தால் காந்தவகை உள்ளதை மிகுத்துக் காட்டும். மற்றையது குறைத்துக் காட்டும். வகையை அறியாது குறியை மட்டும் கண்டு துணிதல் திரிபாய் முடியும்.

ஆராய்ச்சி எளிய இடத்திலே தொடங்குதல் வேண்டும். சாவியோடு இயங்கும் பிற கருவிகளும் செயலற்றிருப்பின் உருகியை நோக்குக. அது நன்றாயின், சாவியை மூடிய நிலையில் தாங்கியின் கம்பியைக் கழற்றி, பின் சாவியைத் திறந்து முள்ளை நோக்குக. மீண்டும் மூடி, கம்பியைத் தாங்கிக்குச் சேய்மையில் துருவற்ற உடலுலோகத்தோடு இணைத்துச் சிறிது நேரம் மட்டும் சாவியைத் திறக்குக. பெற்றோல் ஆவியருகே தீப்பொறி எழலாகாது. முள் இருகோடிகளையும் எட்டின் மானியும் கம்பியும் குற்றமற்றன. பின்னர் அக்கம்பியை முன்போல் இணைத்து, தாங்கியின் உலோகத்திலிருந்து வண்டியின் உடலுக்கு வேறொரு கம்பியைத் தொடுத்துப் பார்க்குக. முள் திருந்தின் புவித்தொடுப்பே பழுது. அதனைச் சுரண்டித் துடைத்து இறுக்கினாற் போதும். திருந்தாதாயின் மிதப்பையும் தடைச்சுருளையும் ஆராய்க. முள் இருகோடிகளையும் எட்டாதபோதே கம்பியையும் மானியையும் ஐயுறல் வேண்டும்.

ஈருலோக வகையில் எரிபொருள்மானியும் வெப்பமானியும் ஒருங்கே மிகுத்துக் காட்டின், அவ்விரண்டுக்கும் ஏறத்தாழ 10 வோற்று வழங்கும் நிலைப்படுத்தியையும் அதன் புவித்தொடுப்பையும் நோக்குக. வெப்பமானி மட்டும் உயர்ந்தால், அதனைப் பொய்யென இகழ்ந்து ஓட்டுதல் பேதைமை. எஞ்சினை நிறுத்தி, அது நன்கு ஆறிய பின்னரே நீரின் அளவை நோக்குதல் வேண்டும்.

தாங்கியை நேரே நோக்குதல் காட்சி. கம்பியைச் சோதித்துத் துணிதல் கருதல். ஆக்கியோர் கைந்நூல் உரை. மூன்றும் ஒத்தவிடத்து ஐயம் நீங்கும். அதுகாறும் மானியைப் பழித்தலும் அதனை முற்றாக நம்புதலும் ஒருங்கே தவிர்க்கற்பாலன.