காகம் நட்ட மரங்கள் – 12: சம்பில்துறையில் இறங்கிய கிளை

சென்ற வாரம் பனங்கருக்கில் முளைக்கும் ஆலங்கன்றோடு நிறுத்தியிருந்தேன். அத்திப்பழத்துக்குள் புகும் குளவியின் சரித்திரம் அதற்கும் முந்தியது. இடையில் வந்து சேர்ந்தவர்கள் பழைய இதழ்களைத் தேடிக்கொள்ளட்டும். கிணற்றுக்கட்டில் வேர்விட்ட அரசங்கன்றைச் சேதமின்றிப் பெயர்த்தெடுக்கும் விதத்தை இவ்வாரம் விவரிப்பதாக வாக்களித்திருந்தேன். வாக்கு வாக்குத்தான். ஆனால் எழுத உட்கார்ந்த வேளையில் மகாவம்சத்தின் பதினெட்டாம் அத்தியாயம் கையில் அகப்பட்டு, அது என்னை விட மறுக்கிறது.

அதற்கு முன் ஒரு சிறு பாக்கி. பனையில் ஏறிய ஆல் அந்தப் பனையை நெரித்துக் கொன்றுவிடாதா என்று வாசகர் சிலர் கேட்டிருக்கிறார்கள். வேம்பையோ மாவையோ பற்றிய ஆல் அவற்றைக் கொல்லும் என்பது மெய்யே. ஏனெனில் அவ்வகை மரங்களில் பட்டைக்கு அடியில் வளையமாக ஓடும் உயிருள்ள மெல்லிய படையொன்றே ஆண்டுதோறும் மரத்தைப் பருக்கச் செய்து, இலையில் சமைந்த உணவு வேருக்கு இறங்கும் வழியையும் புதுப்பித்து வருகிறது. ஆலின் வேர்வலை அதனை இறுக்கிவிட்டால் மரம் பட்டினி கிடந்தே மாளவேண்டும். பனைக்கு அப்படியொரு வளையம் கிடையாது. அதன் நரம்புகள் தண்டு முழுவதிலும் சிதறிக் கிடக்கின்றன. ஒருமுறை பருமன் அடைந்த தண்டு பின்னர் வேம்பைப்போல் ஆண்டுக்காண்டு பெருப்பதுமில்லை. ஆகவே சுற்றி எத்தனை வேர் இறங்கினாலும் நெரிபட அங்கே பெரிதாக ஒன்றுமில்லை. வடமராட்சியில் நெடுங்காலம் சீவல் தொழில் செய்த முதியவர் ஒருவர், தாவர சாஸ்திரம் எதையும் வாசியாமலே, இதனை எனக்கு ஒரே வாக்கியத்தில் சொல்லி முடித்தார்: “நெரிச்சுச் சாகிற மரமில்லைத் தம்பி பனை, ஆல் மேலே போய் வெயிலை மறிச்சால்தான் வட்டு வாடும்.”

கல்கத்தாவுக்கு அருகே சிவபூர்த் தாவரவியல் தோட்டத்திலுள்ள உலகப் பிரசித்தி பெற்ற ஆலமரமும் இத்தகைய பிறப்புடையதே. 1782-ஆம் ஆண்டில் அது ஒரு காட்டு ஈந்தின் தலையில் முளைத்துக்கிடந்ததென்றும், அந்த ஈந்தின் நிழலில் ஒரு பக்கிரி உட்கார்ந்திருந்தாரென்றும் ஒரு கர்ண பரம்பரைக் கதை உண்டு. 1848-இல் அவ்வூருக்கு வந்த தாவர அறிஞர் ஜோசப் ஹூக்கர் அதனைத் தம் பிரயாண நூலில் எழுதிவைத்தார். நடுமரம் நோயுற்று 1925-இல் வெட்டியகற்றப்பட்ட பின்பும், விழுதுகள் தாமே மரங்களாகி நின்று தோப்பைத் தாங்கி வருகின்றன. நம் ஒழுங்கைகளில் பனையோடு பின்னிக்கிடக்கும் ஆலங்கன்றை அலட்சியமாகக் கடந்து போகிறவர்கள் இதனைச் சற்றே நினைவிற் கொள்ளலாம்.

வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டில் மாரி மழை சுண்ணக்கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கி மறைந்துவிடுகிறது. அந்த வழியே தண்ணீரைத் தேடிப் போகும் கலையில் ஆல், அரசு, இத்தி வகைகளுக்கு நிகரான மரம் வேறு இல்லை. முருகைக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் சேர்ந்த பழஞ்சுவர் அவற்றுக்குச் சுண்ணக்கற் பாறையின் மறுவடிவமே. போர்த்துக்கேயர் தொடங்கி ஒல்லாந்தர் ஐங்கோணமாக விஸ்தரித்த யாழ்ப்பாணக் கோட்டையின் மதிலிலும் அவை முளைத்தன; 1990-இல் மக்கள் வெளியேறிய பின் இரண்டு தசாப்தங்களும் அதற்கு மேலும் ஆளற்றுக் கிடந்த வலிகாமம் வடக்கின் வீடுகளிலும் முளைத்தன. காணிகள் சிறிது சிறிதாக விடுவிக்கப்பட்டபோது, திரும்பி வந்தவர்கள் ஓடுமில்லாமல் கூரைமரமுமில்லாமல் நின்ற அறைகளுக்குள் முதிர்ந்த மரங்களைக் கண்டார்கள். காங்கேசன்துறைப் பக்கம் அப்படி ஒரு வீட்டின் சுவாமியறைச் சுவரில் ஆளுயரத்துக்கு அரசு நின்றது. அவ்வீட்டு அம்மா என்னைக் கூட்டிச்சென்று காட்டிவிட்டுச் சொன்னார்: “வெட்டினால் பாவம், விட்டால் சுவர் போயிடும். நீங்களே கொண்டு போங்கோ, தம்பி.” அரசை வெட்டக் கூசும் அந்த மனமும், வீட்டைத் திருப்பிக் கட்டவேண்டிய அந்த அவசியமும் ஆகிய இரண்டுமே நியாயமானவை; இரண்டுக்கும் இடையில் வழி தேடுவதற்காகவே இத்தொடரை எழுதத் துணிந்தேன் என்றும் சொல்லலாம்.

எடுத்து நடுவதைக் காட்டிலும் எளிதான மார்க்கம் ஒன்று நம் வேலிகளிலேயே இருக்கிறது. கிளுவையிலும் பூவரசிலும் கதியால் வெட்டி மாரி தொடங்கும்போது ஊன்றி, தை பிறப்பதற்குள் தளிர் காண்கிற சமூகம் நம்முடையது. ஆலும் கதியாலுக்கு இணங்கும். கைப்பருமனான கிளையை ஐந்தாறு அடி நீளத்தில் தறித்து, வெட்டுவாயிற் பால் வடிந்து உலரும்வரை நிழலிற் கிடத்தி, முதல் மழையோடு ஆழமாக ஊன்றினால் பெரும்பாலும் ஏமாற்றுவதில்லை. அரசு அவ்வளவு இணக்கமுள்ளதன்று. பல கிளைகளை ஊன்றினால் சில பிழைக்கும். அதனால்தான் தாய்மரத்திலேயே பட்டையை வளையமாக நீக்கி, ஈரத்தும்பு பொதிந்து கட்டி, வேர்விட்ட பிறகு அறுக்கும் பதியமுறையை அரசுக்குச் சிபாரிசு செய்வார்கள்.

இனி மகாவம்சம். கி.பி. ஐந்தாம் நூற்றாண்டை ஒட்டி மகாநாம தேரர் பாளியில் இயற்றிய அந்நூல், அசோகச் சக்கரவர்த்தி போதிமரத்தின் தென்கிளையை இலங்கைக்கு அனுப்பிய கதையைச் சொல்கிறது. போதிமரத்தின்மேல் கத்தி படலாகாது. ஆகையால் அரசன் கிளையின்மீது மனோசிலையால் ஒரு செங்கோடு வரைகிறான், சத்தியவாக்குச் சொல்கிறான், கிளை அக்கோட்டிலே தானாகப் பிரிந்து, நறுமண்ணிட்ட பொற்கலசத்தின்மேல் அந்தரத்தில் நிற்கிறது. அற்புதம் என்று கைகூப்பிவிட்டு நகர்ந்துவிட வேண்டிய இடம் இதுதான். ஆனால் அடுத்து வருவதைப் பாருங்கள். அந்த முதற்கோட்டுக்கு மேலே, மூன்று விரற்கடை விட்டு விட்டு, கிளையைச் சுற்றி அரசன் மேலும் பத்துக் கோடுகள் வரைகிறான். அடிக்கோட்டிலிருந்து பத்துப் பருவேர்களும், மேற்கோடுகள் ஒவ்வொன்றிலுமிருந்து பத்துப் பத்துச் சிறுவேர்களும் புறப்பட்டு வலைபோல் கலசத்துக்குள் இறங்குகின்றன.

இதைப் படித்தவுடன் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். கதியால் பிடுங்கிப் பார்த்த எவரும் அறிந்த விஷயமன்றோ இது! வெட்டுவாயின் விளிம்பில் பருவேர் திரளும். அதற்கு மேலே, மண்ணுக்குள் மறைந்த பகுதியில், மெல்லிய வேர்கள் ஆங்காங்கே எட்டிப் பார்க்கும். இலையிலிருந்து பட்டை வழியே இறங்கிவரும் உணவு வெட்டிய இடத்தில் மேற்கொண்டு போக வழியின்றித் தேங்குவதால் அங்கேயே வேர் பலமாகப் பிறக்கிறது என்பது இன்றைய விளக்கம். தேரர் அந்த விளக்கத்தை அறிந்திருந்தார் என்று நான் வாதாட வரவில்லை. எனினும் பருவேர் கீழேயும் சிறுவேர் மேலேயுமாக அமைந்த அந்த ஒழுங்கை வெறும் பக்தி மட்டும் கற்பித்திருக்க முடியாது. ஏதோ ஒரு தோட்டக்காரனின் கண் அந்தக் கதைக்குள் புகுந்திருக்கிறது என்றே எனக்குப் படுகிறது. கலசத்தின் அளவும் கூடச் சொல்லப்பட்டிருக்கிறது: ஐந்து முழ ஆழம். கதியாலுக்குக் குழி ஆழமாய் இருக்கவேண்டுமென்று நம்மவர் வற்புறுத்துவதும், மண்ணுக்குள் மறையும் பகுதியில்தான் வேர் பிறக்கும் என்பதாலேயே.

அக்கிளை தாமிரலிப்தியில் கப்பலேறி வந்து கரை சேர்ந்த ஜம்புகோளம் நம் மாதகலுக்கு அருகிலுள்ள சம்பில்துறையே என்பர். தேவநம்பியதீசன் கழுத்தளவு நீரில் இறங்கிச்சென்று அதனைத் தலையில் தாங்கினானாம். கிளை அநுராதபுரத்தில் நிலைகொண்ட பின், அதிலிருந்து விழுந்த கனியொன்றை நட்டபோது எட்டுக் கன்றுகள் எழுந்தன என்றும், அவற்றுள் ஒன்று ஜம்புகோளத்திலேயே வைக்கப்பட்டது என்றும் பத்தொன்பதாம் அத்தியாயம் கூறுகிறது. கிளையாக இவ்வழி போனது விதையாக இவ்விடம் மீண்டது. இந்தக் கதையை எந்தச் சமயத்தாரின் உரிமைப் பத்திரமாக வாசிப்பது என்ற வழக்கு வேறொரு மன்றத்துக்குரியது. எனக்கு அது இந்நாட்டின் மிகப் பழைய கன்று உற்பத்திக் குறிப்பு.

விதையைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆலங்கனியை மண்ணிற் புதைத்துத் தண்ணீர் வார்த்தால் எதுவும் நடவாது. கனியை நீரிற் பிசைந்து, மிதப்பதை ஊற்றிவிட்டு, அடியில் தங்கிய மணல்போன்ற விதையைச் செங்கற்பொடியும் கரித்தூளும் கலந்த சட்டியின் மேற்பரப்பிலே தூவி, மூடாமல், வெளிச்சம் படும்படி ஈரமாக வைத்திருக்க வேண்டும். அதற்கு வேண்டியது வளமன்று, போட்டியின்மை. பனங்கருக்கிலும் மதில் வெடிப்பிலும் காகமும் குயிலும் வௌவாலும் அதற்கு ஏற்படுத்திக் கொடுப்பதும் அந்தத் தனிமையைத்தான்.

ஆசிரியர் ஒதுக்கிய பக்கம் முடிந்துவிட்டது. கிணற்றுக்கட்டு அடுத்த வாரத்துக்குப் போகிறது. இதற்கிடையில் கன்றைப் பிடுங்கிவிடலாமா என்று யாரும் அவசரப்பட வேண்டாம். இந்த வெயிலில் பிடுங்கினால் வேரில் பாதி கல்லுக்குள்ளே அறுந்து நிற்கும். அறுந்த வேர் மறுபடி துளிர்த்துக் கட்டை இன்னும் அகலமாகப் பிளக்கும். புரட்டாதி கழியட்டும். அதுவரை கன்றின் நுனியை மட்டும் கிள்ளிவிட்டு, அடியில் ஈரச்சாக்கு ஒன்றைச் சுற்றி வையுங்கள். சாக்கு எதற்கென்று வருகிற வாரம் சொல்கிறேன்.